கேட்கப்படுவோர் யாவர்? வட்டாரப் பொதுவிடங்களின் வடிவமைப்பில் குடியிருப்பாளர் பங்கேற்பு குறித்து ஒரு திறனாய்வு

வட்டாரப் பூங்கா, விளையாட்டுத் திடல், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம், கடைத்தெருவின் நடைபாதை ஆகியன எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதில் அவற்றைப் புழங்கும் மக்களுக்கும் பங்கு உண்டு என்னும் கருத்து, இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏறத்தாழ எவராலும் மறுக்கப்படாத ஒன்றாகிவிட்டது. ஊராட்சி மன்றங்களின் அறிக்கைகளிலும் அமைச்சர்களின் உரைகளிலும் ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் தொடர் தவறாது இடம்பெறுகிறது. எவரும் மறுக்காத கருத்தையே நாம் சற்று ஐயத்துடன் அணுக வேண்டியுள்ளது. பங்கேற்பு வேண்டுமா, வேண்டாவா என்பது இக்கட்டுரையின் வினா அன்று. பங்கேற்க அழைக்கப்படும் ‘குடியிருப்பாளர்’ என்பவர் யார், அவர் எந்த அடிப்படையில் அழைக்கப்படுகிறார் என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுபவர் அமெரிக்க அறிஞர் ஷெரி ஆர்ன்ஸ்டைன். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் குடிமக்கள் பங்கேற்பினை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். மக்களைத் தம் வயப்படுத்துதல் அடிப்படியிலும், தகவல் அறிவித்தலும் கருத்துக் கேட்டலும் இடையிலும், குடிமக்களே கட்டுப்படுத்துதல் உச்சியிலும் அமைகின்றன. நம் நாடுகளில் நிகழ்வனவற்றுள் பெரும்பாலானவை இடைப்படிகளிலேயே நின்றுவிடுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆர்ன்ஸ்டைன் தம் காலத்தில் கருதியது ஒதுக்கப்பட்டோர் அதிகாரம் பெறுவதையே. ஆயினும் பின்வந்தோர் அந்த ஏணியை வெறும் அளவுகோலாகக் கைக்கொண்டனர். ஏறியவர் எத்தனை படி ஏறினார் என்பதை அளந்தவர்கள், ஏணியின் அருகே வரவும் விடப்படாதவரைக் கணக்கில் கொள்ளவில்லை.

மன்றும் பெரட்டுக்களமும்

பொதுவிடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. மன்று, மன்றம், பொதியில், அம்பலம், சதுக்கம் எனப் பல சொற்கள் உள்ளன. சங்கப் பாடல்களில் மன்றம் என்பது பெரும்பாலும் மரநிழலில் ஊரார் கூடும் வெளியிடம். இன்றோ அச்சொல் நீதிமன்றம், நாடாளுமன்றம், மாநகர் மன்றம், இலக்கிய மன்றம் என அமைப்புகளின் பெயராகிவிட்டது. இடத்தைக் குறித்த சொல் அமைப்பைக் குறிப்பதாக மாறியதைப் பொருள் விரிபு என்று இலக்கணம் கூறி அமையலாம். எனினும் மாநகர் மன்றம் என்று நாம் இன்று கூறும் கட்டடத்தினுள் வரிசை எண் பெறாமல் எவரும் நுழைய இயலாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மலேசியத் தமிழரின் வரலாற்றில் மன்றினும் அண்மையது பெரட்டுக்களம். தோட்டப்புறத்தில் விடியற்காலையில் தொழிலாளர் அணிவகுத்து நின்று பெயர் கொடுத்த இடம் அது. அங்கும் மக்கள் கூடினர். அங்கும் செய்திகள் அறிவிக்கப்பட்டன. பேசியவர் கிராணியோ மண்டோரோ ஆவார், கேட்டவர் தொழிலாளர். லயத்தின் கோயில் திடலும் குழாயடியும் மக்கள் தாமே பேசிக்கொண்ட இடங்களாக விளங்கின. அவ்விடங்களை எவரும் வரைபடம் இட்டு வடிவமைக்கவில்லை. புழக்கத்தாலேயே அவை அமைந்தன. இன்று குடியிருப்புப் பகுதிகளில் நடைபெறும் விளக்கக் கூட்டங்கள் பலவற்றை நோக்குங்கால் அவை மன்றினை ஒத்தனவா, பெரட்டுக்களத்தை ஒத்தனவா என வினவத் தோன்றுகிறது. வரைபடம் முன்பே முடிவாகியிருக்கும். வண்ணப் படங்கள் திரையில் காட்டப்படும். வந்திருப்போர் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவர். இறுதியில் அப்பதிவேடே பங்கேற்புக்குச் சான்றாகிவிடும்.

இந்நிலைக்கு அரசியல் காரணமும் உண்டு. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைபெறச் செய்தது. வாக்கினால் தம் மன்ற உறுப்பினரை மாற்ற இயலாத மக்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றே எஞ்சிய வாயிலாக உள்ளது. அதனால் அக்கூட்டத்தின்மீது அது தாங்கக்கூடியதற்கும் மேற்பட்ட சுமை ஏற்றப்படுகிறது.

சொந்த மனையில் கட்டிய வீடு

இப்பொருள் குறித்துத் தமிழில் பேசுவோரும் எழுதுவோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஓலைகள் குடத்திலிடப்பட்டு, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினர் தெரிவு செய்யப்பட்டனர். தோட்டத்திற்கும் ஏரிக்கும் தனித்தனி வாரியம் இருந்தது என்பது நம் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி. பொதுவிடத்தைப் பேணுவதற்கு ஊராரே பொறுப்பேற்ற ஒழுங்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வடிக்கப்பட்டிருக்கிறது. நம் பாடநூல்களும் மேடைகளும் இவ்வளவில் பெருமிதம் கொண்டு நின்றுவிடுகின்றன.

அதே கல்வெட்டு தகுதிகளையும் கூறுகிறது. வாரியத்திற்கு வர விரும்புவோர் வரி செலுத்தும் கால்வேலி நிலத்திற்கேனும் உடைமையாளராக இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வேதக் கல்வி உடையவராதல் வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அங்கு உழுதோரும் ஏரியில் தூர் வாரியோரும் வாரியத்திற்கு வெளியிலேயே இருந்தனர். அக்கால அளவையால் அக்காலத்தை நோக்க வேண்டும் என்பது முறையான மறுப்பே. கல்வெட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதனை இற்றை மக்களாட்சியின் முன்னோடியாகக் காட்டும் நம் பழக்கத்தையே நாம் குறை கூறுகிறோம். காரணம், அத்தகுதிகளுள் ஒன்று இன்னும் வழக்கொழியவில்லை. சொந்த மனையில் வீடு உடையவன் பேசலாம் என்னும் விதி, மொழி மாறி, சட்டம் மாறி, நம் காலத்திலும் தொடர்கிறது.

மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வரின், ‘அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு’ அறிவிப்பு அனுப்பி, 21 நாள்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்க இடமளிக்குமாறு 21ஆவது பிரிவு பணிக்கிறது. அண்டை நிலம் எது என்பதையும் அப்பிரிவு வரையறுக்கிறது. ஒட்டியிருக்கும் நிலமும், 20 மீட்டருக்கு மேற்படாத அகலமுள்ள சாலையோ கால்வாயோ இடையிட்டுப் பிரிக்கும் நிலமும் அதனுள் அடங்கும். அளவுகள் துல்லியமானவை. ஆனால் அவ்வரையறை நிலத்தினின்று தொடங்கி நில உரிமையாளரிடம் முடிகிறது. அந்நிலத்தில் வாடகைக்கு இருப்பவர், அத்திடலில் நாள்தோறும் பந்தாடும் சிறுவன், அவ்வழியே நடந்து சென்று வேலைசெய்யும் பெண் ஆகியோருக்குச் சட்டப்படி அறிவிப்பு வருவதில்லை. கட்டமைப்புத் திட்டம், உள்ளூர்த் திட்டம் ஆகியவற்றின் வரைவுகளுக்குப் பொதுமக்கள் யாவரும் கருத்துரைக்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் அங்கு நிலப்பயன்பாட்டு வண்ணங்களையும் மனை விகிதத்தையும் படித்தறியும் ஆற்றல் வேறொரு தகுதியாக வந்து குறுக்கிடுகிறது. வேதக் கல்வி என்னும் பழைய தகுதியை இது நினைவூட்டுமாயின் வியப்பில்லை.

ரிம்பா கியாராவும் நீண்ட வீடுகளும்

கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசத்திற்கு மேற்கூறிய சட்டம் பொருந்தாது; 1982ஆம் ஆண்டின் தனிச் சட்டமே அங்குச் செல்லும். அந்நகரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியை ஒட்டிய ரிம்பா கியாராப் பூங்கா தொடர்பான வழக்கு, பொதுவிடங்கள் குறித்து இந்நாட்டில் நிகழ்ந்த வழக்குகளுள் தலையாயது. ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவில் 12 ஏக்கர் அளவில் 42 முதல் 54 மாடிகள் கொண்ட எட்டு அடுக்குமாடிகளும், 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்றும் எழுப்பும் திட்டத்திற்கு 2017இல் மேம்பாட்டு அனுமதி வழங்கப்பட்டது. வட்டாரக் குடியிருப்பாளர்கள் அதே ஆண்டில் நீதிப் புனராய்வுக்கு விண்ணப்பித்தனர். 2018இல் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடியிருப்பாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிசெய்து அனுமதியை நீக்கியது. கட்டமைப்புத் திட்டம் சட்ட வலுவுடையது என்பதும், அதனின்று விலகும்போது டத்தோ பண்டார் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்பதும் அத்தீர்ப்பால் நிலைநாட்டப்பட்டன. காரணம் கேட்கும் உரிமை இவ்வாறு சட்டத்தில் ஊன்றப்பட்டதை நாம் பெரிதும் வரவேற்கிறோம். பங்கேற்பு என்பது அதிகாரிகளின் பெருந்தன்மையாக இருந்த நிலை இதனால் ஓரளவு மாறியுள்ளது.

இவ்வழக்கின் மறுபக்கம் தமிழ்க் கல்வியுலகில் போதிய அளவு பேசப்படவில்லை. புக்கிட் கியாரா முன்பு ஒரு ரப்பர்த் தோட்டம். அரசு அத்தோட்டத்தைக் கையகப்படுத்தியபின், 1980களின் தொடக்கத்தில், அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் பூங்காவை ஒட்டிய ‘ரூமா பாஞ்சாங்’ எனப்படும் நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அது தற்காலிக ஏற்பாடு என்றும், நிரந்தர வீடுகள் வரும் என்றும் கூறப்பட்டது. ஏறத்தாழ நூறு குடும்பங்கள். அவற்றின் தற்காலிக வாழ்க்கை நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. முன்னாள் தோட்ட நிலத்தில் கோல்ஃப் திடலும் குதிரையேற்றக் கழகமும் அமைந்தன. மேற்சொன்ன 350 வீடுகளுள் நூறு, இக்குடும்பங்களுக்கு உரியனவாகத் திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தன.

இங்குப் பங்கேற்பு என்னும் கருத்தியலின் முடிச்சு வெளிப்படுகிறது. திட்டத்தை ஆதரித்தவர்கள் ஏழைகளுக்கு வீடு என்னும் நியாயத்தை முன்வைத்தனர். பூங்காவைக் காக்க நின்றோர், நீண்ட வீட்டு மக்களுக்கு வீடு கட்டித் தருவதைத் தாம் எதிர்க்கவில்லை எனவும், அதன் பெயரால் பூங்காவின் பாதியை எடுத்துக்கொள்வதையே எதிர்ப்பதாகவும் கூறினர். இரண்டாவது வாதமே வலிமையானது என்பது நம் முடிவு. நூறு வீடுகளுக்காக எட்டு வானளாவிகள் தேவை என்பதை எந்தக் கணக்காலும் மெய்ப்பிக்க இயலாது. ஆனால் இரு தரப்பு வாதங்களிலும் நீண்ட வீட்டு மக்கள் எடுத்துக்காட்டாக இடம்பெற்ற அளவுக்கு எழுவாயாக இடம்பெறவில்லை. அத்தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்பூங்காவை எவ்வாறு அறிந்திருந்தனர், எந்தப் பாதையை, எந்த மரத்தை, எந்த வழிபாட்டிடத்தைத் தம்முடையது எனக் கருதினர் என்பன வரைபடத்தில் இல்லை. அவர்களை ‘வீடு வேண்டுவோர்’ என்று ஒரு பட்டியலிலும், பக்கத்துத் தாமான் மக்களைப் ‘பூங்கா வேண்டுவோர்’ என்று மற்றொரு பட்டியலிலும் வைத்ததே அடிப்படைப் பிழை. வீடும் பூங்காவும் ஒரே குடும்பத்தின் தேவைகள். பட்டா உள்ளவனுக்குக் காற்றும், இல்லாதவனுக்குக் கூரையும் போதும் என்னும் பாகுபாட்டை நகரத் திட்டமிடலின் எந்த நூலும் வெளிப்படையாகக் கூறாது, நடைமுறை கூறுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அலங்காரமும் நடைபாதையும்

2010 அக்டோபர் 27ஆம் நாள் மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்துவைத்தனர். தோரண வளைவுகளும், வண்ண விளக்குகளும், யானை உருவங்கள் சூழ்ந்த நீரூற்றும் அமைந்தன. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் செயற்படும் இடமும் அதே பிரிக்ஃபீல்ட்ஸ் ஆகும். வெள்ளைக் கோலுடன் நடப்போரை நாட்டில் வேறெந்தக் கடைத்தெருவினும் மிகுதியாகக் காணக்கூடிய தெரு அது. அவர்களை முதன்மைப்படுத்தித் தொடங்கியிருப்பின் வடிவமைப்பு எவ்வாறு அமைந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் பயனுடையது. தோரணம் கண்ணுக்கு உரியது. தொடுதடம், தடையற்ற நடைபாதை, ஒலியெழுப்பும் கடவை ஆகியன காலுக்கும் காதுக்கும் உரியன. தடம் பதிப்பதோடு பணி முடிவதில்லை; அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்காமலும் கடைச்சரக்கு பரவாமலும் பார்த்துக்கொள்ளும் நாளாந்தப் பொறுப்பு அதில் அடங்கும். பண்பாட்டு அடையாளம் என்னும் பெயரால் ஒரு வட்டாரம் பார்வைப் பொருளாக்கப்படும்போது, அங்கு வாழ்வோர் தம் தெருவிலேயே விருந்தினராகிவிடுகின்றனர். நம் இனத்தின் பெயர் தாங்கிய வளைவு என்பதற்காக இக்குறையை நாம் காணாதிருத்தல் தகாது.

ஞாயிற்றுக்கிழமை வருவோர்

சிங்கப்பூரில் நிலை வேறு. அங்கு 2007இல் தொடங்கிய வட்டாரப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ், மூடிய நடைபாதை, விளையாட்டிடம், உடற்பயிற்சி மூலை போன்றவற்றை அமைப்பதற்கு முன் குடியிருப்பாளரின் கருத்து கேட்கப்படுகிறது. குறைந்தது 75 விழுக்காட்டு ஆதரவு கிட்டினாலே பணி தொடரும். மலாயா ரயில்வே 2011இல் தண்டவாளத்தை ஒப்படைத்தபின், 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையைப் பசுமை வழியாகப் பேண வேண்டும் என்னும் எண்ணம் இயற்கை ஆர்வலரிடமிருந்தே எழுந்து அரசின் திட்டமாயிற்று. இவை குறிப்பிடத்தக்க சாதனைகள். ஒழுங்காகக் கேட்கவும், கேட்டதை எண்ணிக் கணக்கிடவும் அந்நாடு அறிந்திருக்கிறது.

ஆயினும் இல்லத்தை அலகாகக் கொண்ட கணக்கில் இல்லமற்றோர் எண்ணப்படுவதில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் புல்வெளிகளையும் நடைபாதைகளையும் ஞாயிறு மாலைகளில் நிறைப்போர், தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர். ஊருக்குப் பேசுவதும், பணம் அனுப்புவதும், உறவினரைக் காண்பதும் அவர்களுக்கு அத்திறந்தவெளியிலேயே நிகழ்கின்றன. விடுதி தொலைவில் இருக்கிறது. கடையில் அமர்ந்தால் பணம் வேண்டும். 2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ்கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி ஒரு தொழிலாளர் உயிரிழந்ததையடுத்துக் கலவரம் மூண்டது. அதன்பின் 2015இல் இயற்றப்பட்ட மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வட்டாரத்தைத் தனிக் கட்டுப்பாட்டு மண்டலமாக்கியது. வட்டாரத்தில் நிரந்தரமாக வாழ்வோரின் அமைதியும் பாதுகாப்பும் மெய்யான தேவைகளே. கீழ்த்தளத்தில் குப்பையும் கூச்சலும் இருப்பின் முறையிட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு வெளியை மிகுதியாகப் பயன்படுத்துவோரிடம் நிழலும் இருக்கையும் கழிப்பறையும் எங்கு வேண்டும் என்று கேட்காமல் அவ்வெளியை வடிவமைத்தல், நோயாளியைக் காணாமல் மருந்து எழுதுவதை ஒக்கும். வாரத்தில் ஒரு நாள் வருபவரைக் குடியிருப்பாளர் எனல் பொருந்துமா என்று வினவலாம். நாம் அச்சொல்லை விடுத்துப் ‘புழங்குவோர்’ என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறோம். புழக்கம் என்பது உடைமையையோ முகவரியையோ கேட்பதில்லை. திட்டமிடல் கலைச்சொற்களைத் தமிழாக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளலாம்.

பினாங்கில் ஒரு முயற்சி

இக்குறைகளைக் களைய இயலாது என்று கூறுவோர்க்குப் பினாங்கு மறுமொழி தருகிறது. 2012இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், தீவின் நகராண்மைக் கழகத்துடனும் செபராங் பிறை நகராண்மைக் கழகத்துடனும் இணைந்து, பாலின நிலையறிந்த பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று ஜார்ஜ் டவுனின் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பு. மற்றொன்று பெருநிலத்தின் அம்பாங்கான். இரண்டும் வறியோர்க்கான அடுக்குமாடிகள். அங்கு முதலில் யார் வாழ்கின்றனர் என்பதே வீடு வீடாகக் கணக்கெடுக்கப்பட்டது. பின் ஆண், பெண், சிறுவர், முதியோர், உடற்குறையுடையோர் எனக் குழுவாரியாகக் கலந்துரையாடல் நடந்தது. இறுதியில் ஒவ்வொருவரும் தமக்குத் தரப்பட்ட விளையாட்டுப் பணத்தைத் தாம் முதன்மை எனக் கருதிய தேவைக்கு ஒதுக்கி வாக்களித்தனர்.

இம்முறையின் சிறப்பு வாக்களிப்பில் இல்லை. தனித்தனியே கேட்டதில் உள்ளது. பொதுக்கூட்டம் ஒன்றில் ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்திருக்கும்போது மின்தூக்கியின் இருளைப் பற்றி இளம்பெண் ஒருத்தி பேசுவது அரிது. தாயர் மட்டும் இருக்கும் அறையில் விளையாட்டிடத்தின் உடைந்த ஊஞ்சல் முதற்பொருளாகலாம். இளைஞர் அறையில் பந்தாட்டத் திடலின் விளக்கு முதற்பொருளாகலாம். நம் சமூகக் கூட்டங்களில் தலைவர் எழுந்து ‘ஊர் சார்பாக’ப் பேசி அமரும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

அம்முயற்சிக்கும் எல்லை உண்டு. ஒதுக்கப்பட்ட தொகையை எதற்குச் செலவிடுவது என்பதே அங்கு மக்கள் முன் வைக்கப்பட்டது. தொகை எவ்வளவு என்பதும், அடுக்குமாடியைச் சுற்றியுள்ள நிலம் யாருக்கு, எதற்கு என்பதும் வாக்குக்கு வரவில்லை.